மலை முதல் கடல் வரை: வைப்பாறு

கங்கைக்கும் காவிரிக்கும், வையைக்கும் பொருநைக்கும் புலவர் பலர் வாய்த்தனர். அவ்வாறுகளின் கரைகளிலே பேரரசுகள் எழுந்தன, பாடல்கள் பிறந்தன, திருத்தலங்கள் ஓங்கின. வையைக்கும் பொருநைக்கும் நடுவே ஓடும் வைப்பாற்றுக்கோ அத்தகைய பேறு மிகுதியாகக் கிடைத்திலது. மேற்கு மலைத்தொடரின் கீழ்ச்சரிவிலே தோன்றி, தென்காசி, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மழைநீரைத் திரட்டிக்கொண்டு, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நடந்து, மன்னார் வளைகுடாவிலே கலப்பது இவ்வாறு. இதன் வடிநிலம் 5,000 சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்டது. ஆயினும், சாத்தூர்ப் பாலத்தின்மீது கோடையிலே வண்டியிற் செல்லும் வெளியூரார், கீழே பரந்து கிடக்கும் மணலைக் கண்டு, "இதுவும் ஓர் ஆறோ?" என்று நகைப்பதுண்டு. நகைப்பவர் இதன் பெயருக்குரிய பொருளை அறியாதவர்.

வைப்பு என்பது சேமித்து வைத்த பொருள். புதையல் என்பதும் அதுவே. சங்கரன்கோயிலுக்கு வடக்கே, பால்வண்ணநாதர் எழுந்தருளியிருக்கும் கரிவலம்வந்தநல்லூரின் அருகே ஓடி வரும் ஆற்றுக்கு நிட்சேப நதி என்று பெயர். வைப்பாற்றோடு கலக்கும் கிளையாறுகளுள் அது ஒன்று. நிட்சேபம் என்னும் வடசொல்லுக்குப் பொருள் யாது? ஒருவரிடம் நம்பிக் கொடுத்து வைத்த அடைக்கலப் பொருள் என்பதே. ஆகவே, கிளையாறு வடமொழியிலே தாங்கும் பெயரைத் தாயாறு தமிழிலே தாங்கி நிற்கின்றது. இப்பெயர் ஒற்றுமை தற்செயலாய் அமைந்ததன்று என்பது தெளிவு.

இதற்கு ஊரார் கூறும் கதையொன்று உண்டு. சீதாபிராட்டியைத் தேடித் தென்றிசை வந்த இராமபிரானும் இளையபெருமாளும் இம்மலையடிவாரத்திலே நீர்வேட்கையால் வருந்தினராம். புண்ணிய நதிகளின் நீரையெல்லாம் அகத்திய முனிவர் ஒரு குடத்திலே அடைத்து மண்ணிற் புதைத்து வைத்திருந்தாராம். இராமபிரான் எய்த அம்பினாலே குடம் உடைய, உள்ளிருந்த வைப்பு ஆறாய்ப் பெருகிற்றாம். கும்பாபிஷேகத்தைக் கண்ணாரக் கண்டவருக்கு இக்கதையின் சுவை எளிதிற் புலனாகும். யாகசாலையிலே கும்பத்து நீரில் நதிகளை ஆவாகனம் செய்து, பின்னர் அந்நீரைக் கலசத்தின்மீது பெய்தலே குடமுழுக்கு. நதி குடத்தினுள் அடங்குவதும் குடத்தினின்று நதி பெருகுவதும் நம்மவர் சிந்தையிலே பழகிப்போன காட்சிகள்.

இக்கதையை வரலாறென்று நிலைநாட்ட முற்படுதல் வேண்டா. ஆனால், இதனை முதலிற் சொன்னவர் இவ்வாற்றின் இயல்பை நன்கு உணர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. மண்ணுக்குள் மறைந்திருந்து, வேண்டுவார்க்கு வேண்டும்போது வெளிப்படும் நீரே வைப்பாற்றின் நீர். தோற்றுவாய் முதல் கழிமுகம் வரை நிலம் எத்தனையோ முறை மாறுகின்றது. எங்கும் மாறாதது நீரை வைத்துக் காக்கும் இவ்வொரு தன்மையே.

முதல் வைப்பு மலையிலே உள்ளது. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே சுவர்போல் நிற்கும் மலையின் உச்சியிலே சோலைக்காடுகள் அடர்ந்துள்ளன. அங்கே விழும் மழை உடனே ஓடிவிடுவதில்லை. உதிர்ந்த இலையும் மக்கிய மண்ணும் வேர்ப்பின்னலும் அதனைப் பஞ்சுபோல் உறிஞ்சி, பாறைப் பிளவுகளின் வழியே சிறிது சிறிதாகக் கீழே விடுகின்றன. காடு செழித்திருந்தால் மழை நின்று பல நாட்கள் சென்ற பின்னும் ஓடையிலே நீர் கசியும்; காடு அழிந்தாலோ மழையன்றே வெள்ளமும் மறுநாளே வறட்சியுமாம். இக்காட்டிலே வாழும் சாம்பல் நிறப் பேரணிலைக் காக்கும் பொருட்டு 1988-ஆம் ஆண்டிலே சரணாலயம் அமைந்தது. 2021-ஆம் ஆண்டிலே மேகமலைக் காட்டையும் உட்கொண்டு அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக விரிந்தது. அணிலுக்கும் புலிக்குமாகக் காக்கப்படும் காடு, கீழேயுள்ள உழவர்க்கும் ஊரார்க்கும் நீர்க்காவலாக அமைந்திருக்கின்றது.

மலையிலே ஆற்றின் குணமே வேறு. சித்தர்கள் உறைவதாக மக்கள் நம்பும் சதுரகிரியிலே சுந்தர மகாலிங்கத்தை வழிபடச் செல்வோர் ஓடைகள் பலவற்றைக் கடந்து ஏற வேண்டும். கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை பாறையதிர இறங்கிவரும். 2015-ஆம் ஆண்டு மே மாதத்திலே அவ்வாறு இறங்கிய வெள்ளம் அடியார் சிலரின் உயிரைக் கவர்ந்தது. சமவெளியிலே குழந்தைகள் விளையாடும் மணலாகக் கிடக்கும் ஆறுதான் மலையிலே இத்துணை வேகம் கொள்கின்றது.

இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடியிலே ஓடைகள் பாயும் கானகத்தினிடையே, நீர்காத்த அய்யனார் கோயில் கொண்டிருக்கின்றார். இத்திருப்பெயரைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். வில் ஏந்திப் பகைவரை அழித்த தெய்வங்கள் உண்டு. வாள் ஏந்தி ஊரைக் காத்த தெய்வங்கள் உண்டு. இங்கே நீரைக் காத்தமையே தெய்வத்தின் பெயராயிற்று. கண்மாய்க் கரைதோறும் புரவிகள் சூழ அய்யனார் வீற்றிருத்தல் பாண்டிநாட்டு வழக்கம். கரை உடைந்தால் ஊர் இல்லை. ஆதலின் கரையிலே காவல் தெய்வம் அமர்ந்தது. ஆனால், நீர் மலையை விட்டிறங்கும் வாயிலிலேயே அக்காவல் தொடங்கிவிடுவதைக் காட்டுகின்றது இக்கோயில். இப்பகுதியின் நீரே ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திலே தங்கி இராஜபாளையம் நகருக்குக் குடிநீராகின்றது. அவ்வூர் மாந்தோப்புகளும் தென்னஞ்சோலைகளும் மலைச்சாரலுக்குக் கடன்பட்டவை. அங்கே பழுக்கும் சப்பட்டை மாங்கனியின் சுவையை அறிந்தவர் இக்கூற்றுக்குச் சான்று கேளார்.

வடக்கே செண்பகத்தோப்பிலே காட்டழகர் எழுந்தருளியிருக்கின்றார். அம்மலைச்சரிவின் ஓடைகள் ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்கி வருகின்றன. பதினொரு நிலைகளும் 192 அடி உயரமும் கொண்டு நெடுந்தொலைவினின்றும் காட்சி தரும் வடபத்ரசாயி கோபுரத்தை அறியாத தமிழர் இலர். பெரியாழ்வார் பூந்தோட்டம் வைத்துத் துளசி வளர்த்த ஊர் இது. அத்துளசியின் அடியிலே கோதை நாச்சியார் தோன்றினார் என்பது வரலாறு. மலைநீர் எட்டும் தொலைவிலே இருந்தமையாலன்றோ ஆழ்வாரின் நந்தவனமும் தழைத்தது! நாச்சியார் அருளிய திருப்பாவை முப்பது பாசுரங்களிலே மழை வேண்டும் நோன்பு முதலிடம் பெறுவதும் கருதத்தக்கது. மார்கழி என்பது இந்நாட்டிலே வடகிழக்குப் பருவமழை ஓயும் காலம். ஐப்பசியும் கார்த்திகையும் பெய்தனவா, பொய்த்தனவா என்பது அதற்குள் தெரிந்துவிடும். கண்மாய் நிரம்பிய ஆண்டின் மார்கழிக்கும் நிரம்பாத ஆண்டின் மார்கழிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த ஊரிலே எழுந்த நோன்பு அது.

மேற்கு மலையைக் கடந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று தன் கொடையை யெல்லாம் மலைக்கு அப்பாலே பொழிந்துவிட்டு, இப்பால் வெறுங்காற்றாகவும் சிறு சாரலாகவும் வந்து சேர்கின்றது. ஒரே மலைமுகட்டின் மேற்குச் சரிவிலே அச்சன்கோயிற் காடுகள் நனைந்து கிடக்கும். கிழக்குச் சரிவின் அடியிலே உழவன் வானத்தை நோக்கியிருப்பான். ஆகவே, இரண்டு மூன்று மாதங்களிலே விழும் மழையைக் கொண்டு பன்னிரண்டு மாதங்கள் வாழ வேண்டிய கட்டாயம் இப்பள்ளத்தாக்கிற்கு நேர்ந்தது. அக்கட்டாயத்திற்கு முன்னோர் கண்ட விடையே கண்மாய்.

கண்மாயைத் தனித்த ஒரு குளமாகக் கருதுவோர் அதனை முழுதும் அறிந்தவராகார். மலையோடையினின்று பிரியும் வரத்துக்கால் முதற்கண்மாயை நிரப்பும். அது நிரம்பியதும் கலுங்கின் வழியே மறுகால் பாயும். அம்மறுகாலே அடுத்த ஊர்க் கண்மாயின் வரத்துக்கால். இவ்வாறு மலையடி தொடங்கி ஊர் ஊராக நீர் இறங்கிச் செல்லும். எஞ்சியதே ஆற்றைச் சேரும். வயலுக்குப் பாய்ந்த நீரும் மண்ணுள் இறங்கிக் கீழூர்க் கிணறுகளிலே ஊறும். மடையைத் திறப்பவன், நீரைப் பங்கிடுபவன், கரையைக் காப்பவன் என ஊரிலே தனித்தனிப் பொறுப்பாளர் இருந்தனர். கோடையிலே வீட்டுக்கொருவர் வந்து வண்டலை வெட்டிக் கரையை உயர்த்துவது குடிமராமத்து. வெட்டிய கரம்பை மண் வயலுக்கு உரமாயிற்று. ஆதலின் உழைப்பும் வீண்போகவில்லை. அம்முறை தளர்ந்த காலத்திலே 1858-ஆம் ஆண்டு ஆங்கில அரசு சட்டம் இயற்றி அவ்வுழைப்பைக் கட்டாயமாக்க முயன்றது. அன்பினாலும் அச்சத்தினாலும் தெய்வத்தின் பெயராலும் நடந்த பணி சட்டத்தினாலே மட்டும் நடந்துவிடுமோ? முறை மேலும் நலிந்தது. 2017-ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டு அரசு குடிமராமத்து என்னும் அப்பழம் பெயரையே சூட்டிக் கண்மாய்களைச் செப்பனிடத் தொடங்கியது.

கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல நிலத்தின் நிறம் மாறுகின்றது. மலையடிச் செம்மண்ணும் நெல்வயலும் பின்தங்க, வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கங்களிலே வெள்ளாமை குறைந்து வானம் அகன்று தோன்றும். மழையின் குறையையே முதலாகக் கொண்டு 1920-களிலே சிவகாசியிலே தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. காய்ந்த காற்றும் கடும்வெயிலும் அத்தொழிலுக்குத் துணையாயின. நீரின் பள்ளத்தாக்கிலே நெருப்பின் தொழில் தழைத்தது விந்தையே.

வெம்பக்கோட்டையிலே மலையாறுகள் பல வைப்பாற்றோடு ஒன்றுகூட, அங்கே ஓர் அணை அமைந்துள்ளது. அவ்வூர் ஆற்றங்கரை மேட்டிலே 2022-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழாய்வு நிகழ்த்தினர். நுண்கற்கருவிகளும் மணிகளும் சுடுமண் பொருள்களும் அங்கே வெளிப்பட்டன. அவற்றினிடையே சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. கடலினின்று பல கல் தொலைவிலே உள்ள ஊரிலே சங்கறுக்கும் தொழில் நடந்தமை எதனைக் காட்டுகின்றது? மலையின் நீர் கீழே சென்ற வழியிலேயே கடலின் சங்கு மேலே வந்தது. இன்று ஓர் ஊரார்க்கும் மற்றோர் ஊரார்க்கும் தொடர்பில்லாதது போலத் தோன்றும் இப்பள்ளத்தாக்கு பழங்காலத்திலே ஒரே பெருவழியாக விளங்கியது. வேறு மன்னர் எழுதி வைத்த சான்று தேவையில்லை. உடைந்த வளைத்துண்டுகளே சான்று.

வத்திராயிருப்புப் பக்கத்து மலையோடைகளைக் கொண்டு வருவது அர்ச்சுனா நதி. பிளவக்கல்லிலே பெரியாறு, கோயிலாறு என்னும் இரு அணைகள் அம்மலைநீரிற் பெரும்பகுதியைத் தேக்குகின்றன. வனவாசத்தின்போது பாண்டவர் இங்கே வந்து நீரின்றி வாட, அர்ச்சுனன் அம்பெய்து நிலத்தினின்று கங்கையை வருவித்தான் என்று இந்நதிக்கும் ஒரு கதை வழங்குகின்றது. அங்கே இராமபிரான் அம்பு, இங்கே அர்ச்சுனன் அம்பு. இரண்டிலும் மண்ணுக்குள்ளிருந்தே நீர் எழுகின்றது. இரு கதைகளும் ஒரே மண்ணின் அனுபவத்தினின்று பிறந்தவை போலும்.

அவ்விரு நதிகளும் நெருங்கிவந்து கூடும் இடமே இருக்கன்குடி. இரு கங்கைகளுக்கு இடைப்பட்ட குடி என்று பெயர்க்காரணம் கூறுவர். அங்கே எழுந்தருளியிருக்கும் மாரியம்மனைப் பற்றிய வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. சாணம் பொறுக்க வந்த பெண்ணொருத்தி தன் கூடையைத் தரையிலே வைத்தாள். மீண்டும் எடுக்க அது பெயரவில்லை. அவள்மீது அருள் வந்து, அவ்விடத்திலே மண்ணினுள் அம்மன் இருப்பதை உணர்த்திற்று. ஊரார் தோண்டத் திருவுருவம் வெளிப்பட்டது. வைப்பாற்றின் கரையிலே அன்னையும் ஒரு வைப்பாகவே இருந்து வெளிவந்தாள்!

காவிரிக்கரையிலே ஆடியிற் பெருக்கு விழா. புதுப்புனல் பெருகி வரும் காலம் அது. வைப்பாற்றிலோ ஆடி மாதம் மணல் சுடும் காலம். எனினும் ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடிக்கு இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். நடந்தும் வண்டியிலும் வந்து, ஆற்றங்கரையிலே பொங்கலிட்டு, முடி காணிக்கை தந்து, கண்ணோய் தீரவும் அம்மை தணியவும் வேண்டிக்கொள்கின்றனர். நீர் இல்லாத காலத்திலே நீரின் தாயை நாடி வருவது இந்நிலத்துக்கே உரிய பக்தி.

மணல் சுட்டாலும் அதனடியிலே நீர் இல்லாமற் போகவில்லை. மணற்பரல்களின் இடைவெளியிலே தங்கும் நீரைக் கதிரவன் எளிதிற் குடித்துவிட முடியாது. மேலே காயும் மணலே கீழுள்ள நீருக்குக் கூரையாகின்றது. இதனை அறிந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆற்றிலே ஊற்றுத் தோண்டிக் குடத்திலே சுரந்தெடுத்தனர். சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சின் பெயர் தமிழ்நாடெங்கும் பரவியதும் இம்மணற்படுகையினாலே. கோடையிலே, கண்ணுக்கு நீரே தெரியாத ஆற்றுப்பரப்பிலே, கொடி ஓடி, நீரையே உருட்டித் திரட்டினாற்போன்ற காய் காய்ப்பதைக் கண்டவர் இவ்வாற்றை நகையார்.

இந்த வைப்புக்குத்தான் எம் காலத்தவர் கை வைத்தனர். கட்டடம் பெருகப் பெருக மணலுக்கு விலை ஏறியது. ஆற்று மணலை அள்ளியவர் அள்ளியது மணலை மட்டுமன்று. அதனுள்ளிருந்த நீர்க்குடத்தையும் உடைத்தனர். இராமபிரான் உடைத்த குடத்திலிருந்து ஆறு பிறந்தது. இவர்கள் உடைத்த குடத்திலிருந்து பிறந்தது பள்ளமே. மணல் அகன்ற இடத்திலே களியும் பாறையும் வெளிப்பட, வரும் வெள்ளம் தங்காமல் ஓடிற்று. கரையோரக் கிணறுகள் ஆழம் போயின. போதாக்குறைக்குச் சீமைக்கருவேலம் ஆற்றையும் வரத்துக்காலையும் அடைத்து வளர்ந்தது. வெட்டுந்தோறும் தழைக்கும் அம்மரத்தை வேரோடு களைதல் எளிதன்று.

வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் எண்ணமும் எழாமலில்லை. மலைக்கு மேற்கே ஓடும் பம்பை, அச்சன்கோயில் ஆறுகளின் நீரில் 634 மில்லியன் கன மீட்டரைக் கிழக்கே திருப்பி வைப்பாற்றிற் சேர்க்கும் திட்டத்தைத் தேசிய நீர் மேம்பாட்டு முகமை ஆராய்ந்து 1995-ஆம் ஆண்டிலே அறிக்கை தந்தது. கேரள மாநிலம் அதற்கு இசையவில்லை. தம் ஆற்றின் கீழ்ப்பகுதியும் காயலும் நலிவுறும் என்று அவர்கள் அஞ்சுவதைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. வறண்ட நிலத்து உழவனின் ஏக்கத்தையும் குறை கூற இயலாது. ஆனால், வரப்போகும் நீரை எண்ணி இருக்கும் கண்மாயை மறந்த ஊர்கள் சில உண்டு. அவை இரண்டையும் இழந்து நிற்கின்றன.

சாத்தூரைக் கடந்த பின் கரிசல் பூமி. மழையிலே பருத்துக் குழையவும், கோடையிலே ஆளின் கால் நுழையும் அளவு வெடிக்கவும் வல்லது அம்மண். பாசனமின்றியே பயிர் விளைவது அங்கே இயல்பு. ஏனெனில் அம்மண்ணே ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு விதைத்த பருத்தி, மழை ஓய்ந்த பின்னும் அவ்வீரத்தையே உண்டு பங்குனி, சித்திரையிலே வெடிக்கும். கம்பும் சோளமும் மல்லியும் மிளகாயும் அவ்வாறே. இக்கரிசற் பருத்தி மேற்கே சென்று நூலாயிற்று. 1936-ஆம் ஆண்டிலே இராஜபாளையத்திலே முதல் பெரும் நூற்பாலை எழுந்ததற்கும் இப்பள்ளத்தாக்கின் பருத்தி வாணிகம் துணை நின்றது. மலையினின்று நீர் இறங்கிற்று. கரிசலினின்று பஞ்சு ஏறிற்று.

விளாத்திகுளத்தைக் கடக்கும் ஆறு அகன்று, ஆழம் குறைந்து, பனையும் முள்ளும் நிறைந்த தாழ்நிலத்திலே தயங்கித் தயங்கிச் செல்கின்றது. நிலத்தடி நீர் உவர்க்கத் தொடங்கும். பின்னர் உப்பளங்கள். மேலே ஒவ்வோர் ஊரும் வெயிலினின்று நீரைக் காக்கப் பாடுபட்டது. இங்கே வெயிலுக்கு நீரைக் கொடுத்து உப்பை வாங்குகின்றனர்.

கடற்கரையிலே ஆற்றின் பெயரையே தாங்கி நிற்கின்றது வைப்பாறு என்னும் ஊர். அருகே சிப்பிகுளம். போர்த்துகீசியர் காலத்திலே முத்துக்குளித்துறையின் பரதவர் ஊர்களுள் வைப்பாறும் வேம்பாறும் பெயர் பெற்றிருந்தன. முத்துச் சிப்பிகள் அருகின. 1961-ஆம் ஆண்டுக்குப் பின் அப்பெருங் குளிப்பு நிகழவில்லை. சங்கு குளிப்போர் சிலர் இன்றும் உளர். வெம்பக்கோட்டை மேட்டிலே வளையாய்க் கிடந்த சங்குக்கும் இவர்கள் எடுக்கும் சங்குக்கும் இனம் ஒன்றே.

ஆண்டின் பெரும்பகுதியில் ஆற்றுநீர் கடலைத் தொடுவதில்லை. மலைக்காடு கொண்டது போக, கண்மாய்கள் கொண்டது போக, அணைகளும் மணலும் கரிசலும் கொண்டது போக, கார்த்திகைப் பெருமழை பெய்யும் சில நாட்களிலே மட்டும் செந்நிறமாய் வந்து கடலிலே கலக்கின்றது. அந்நாட்களிலே கரையினின்று நெடுந்தூரம் வரை கடல் கலங்கித் தோன்றும். அக்கடலிலே, 1986-ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் தீவுகளின் வரிசையில், வேம்பாற்றுக் கூட்டத்தைச் சேர்ந்த தீவொன்றுக்கு நல்லதண்ணித் தீவு என்று பெயர். அக்கூட்டத்தின் மற்றொரு தீவுக்கு உப்புத்தண்ணித் தீவு என்று பெயர்.